எக்ஸ்-ரே ரிப்போர்ட்ல "அயோர்டிக் நக்கிள் கால்சிஃபிகேஷன்"னு ஒரு வரி. கவலைப்படணுமா?

கேள்வி – மார்ச் 3, மாலை

அப்பாவுக்கு 67 வயசு. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்-ரே கேட்டாங்க. ரிப்போர்ட்ல நுரையீரல் நல்லா இருக்கு, இதய அளவு சரி. கடைசி வரியில மட்டும் "அயோர்டிக் நக்கிள் கால்சிஃபிகேஷன் நோட்டட்". கண் டாக்டர் பார்த்துட்டு "ஃபிட்"னு எழுதிட்டார், அந்த வரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்பாவுக்கு பி.பி. மாத்திரை உண்டு. முப்பது வருஷம் பீடி பிடிச்சு விட்டவர். இது இதய அடைப்பா? உடனே சி.டி. எடுக்கணுமா?

மார்ச் 3, இரவு 10.40

நான் ரேடியோகிராஃபர். கொங்கு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்-ரே, சி.டி. ரெண்டும் பார்க்கறேன். படம் எடுக்கறது என் வேலை. ரிப்போர்ட் எழுதறதும் மருந்து சொல்றதும் டாக்டர் வேலை. நான் எழுதறதை வச்சு எந்த மாத்திரையையும் ஆரம்பிக்காதீங்க, நிறுத்தாதீங்க.

அது இதய அடைப்புன்னு அர்த்தம் இல்ல. இதயத்துல இருந்து கிளம்பற பெருந்தமனி முதல்ல மேல போகும், அப்புறம் இடது பக்கமா பின்னால வளைஞ்சு முதுகெலும்பை ஒட்டிக் கீழ இறங்கும். நெஞ்சு எக்ஸ்-ரேயில அந்த வளைவு இதய நிழலுக்கு மேல, இடது பக்கம், சின்னப் புடைப்பாத் தெரியும். அதைத்தான் நக்கிள்னு எழுதறாங்க. அதோட ஓரத்துல மெல்லிசா வளைஞ்ச வெள்ளைக் கோடு இருந்தா கால்சியம். தமனிச் சுவரோட உள்பக்கம் கொழுப்பு படிஞ்சு, அழற்சி வந்து, செல்கள் செத்து, பல வருஷத்துல அங்க கால்சியம் சேர்ந்திருக்கு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோற கரோனரி குழாய்கள் வேற. அதுல அடைப்பு இருக்கா இல்லையான்னு சாதா எக்ஸ்-ரே சொல்லாது.

67 வயசு, பி.பி., பழைய பீடி. இந்த மூணும் சேர்ந்தவருக்கு இந்தக் கோடு அபூர்வம் இல்ல. இதுக்காக மட்டும் நாளைக்கே சி.டி.க்கு ஓட வேண்டாம். பி.பி.க்கு மாத்திரை தர்ற டாக்டர்கிட்ட அந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க. கண் டாக்டருக்கு வேண்டியது ஆபரேஷன் பண்ணலாமாங்கற பதில் மட்டும். அது கிடைச்சதும் அவர் அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டிருப்பார்.

மார்ச் 4, காலை

வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு போய்ப் படியுமான்னு கேட்டவருக்கு: படியாது. வெத்தலை பாக்கைத் திட்ட வேற காரணம் நிறைய இருக்கு, இது அதுல சேராது. பாலை நிறுத்தினாலும் அந்தக் கோடு மறையாது. அங்க இருக்கற கால்சியத்தைச் சேர்த்தது சுவர்ல இருக்கற செல்கள், சமையலறை இல்ல.

மார்ச் 4, இரவு 11.15

காலையில சொல்ல வந்து விட்டுப்போனது. உடம்புலயே பெரிய ரத்தக்குழாய் பெருந்தமனி. நெஞ்சு, வயிறு, முதுகு, எதைப் படம் எடுத்தாலும் அதுல ஒரு பகுதி வந்து விழும். ஆனா யாரும் அதுக்காகப் படம் எடுக்கறதில்ல, அதனால யாரும் அதைப் பார்க்கறதும் இல்ல. எனக்கு ரொம்ப நாளா இருக்கற குறை இது.

முதுகு வலின்னு வர்றவங்களை எடுத்துக்குங்க. எல்.எஸ். ஸ்பைன், ஏ.பி., லேட்டரல்னு சீட்டு வரும், அதாவது இடுப்பு முதுகெலும்பை நேராவும் பக்கவாட்டுலயும் எடுக்கணும். பக்கவாட்டுப் படத்துல இடுப்பு முள்ளெலும்புகளுக்கு முன்னாடிதான் வயித்துப் பெருந்தமனி இறங்குது. சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது, அதுவும் சுத்தி இருக்கற சதையும் எக்ஸ்-ரேயில ஒரே சாம்பல் நிறம். கால்சியம் இருந்தா மட்டும் முன் சுவரும் பின் சுவரும் ரெண்டு வெள்ளைக் கோடாத் தெரியும்.

இதை எண்றதுக்கு ஒரு முறை இருக்கு. 1997-ல கௌப்பிலாங்கற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் வெளியிட்டது. இடுப்பு முள்ளெலும்புகள்ல முதல் நாலு. ஒவ்வொரு எலும்புக்கும் நேரா இருக்கற முன் சுவர், பின் சுவர். கோடே இல்லைன்னா 0. எலும்பு உயரத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா 1, மூணுல ரெண்டு பங்கு வரை 2, அதையும் தாண்டினா 3. கூட்டிப் பார்த்தா அதிகபட்சம் 24. அமெரிக்காவுல ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாப் பின்தொடர்ற ஆய்வு ஒண்ணு நடக்குதில்ல, அவங்களோட பழைய இடுப்புப் படங்களை இப்படி எண்ணினாங்க. மதிப்பெண் கூடுதலா இருந்தவங்களுக்குப் பிற்பாடு இதய நோயும் கூடுதலா வந்தது. புதுசாப் படம் எடுக்க வேண்டியதில்ல, கூடுதல் கதிர் இல்ல. கவர்ல கிடக்கற பிலிமே போதும்.

நான் வேலை லேசா இருக்கற நேரத்துல மனசுக்குள்ள எண்ணிப் பார்க்கறதுண்டு. லாரி ஓட்டறவர் ஒருத்தர், அம்பது வயசு ஆகல, நாள் முழுக்க சிகரெட். எண்ணினா 11. ரிப்போர்ட்ல டிஸ்க் தேய்மானம் பத்தி நாலு வரி, தமனி பத்தி ஒண்ணும் இல்ல. ரேடியாலஜிஸ்ட்கிட்ட காட்டினேன், ஒரு வரி சேர்த்தார். "எத்தனைன்னு எழுதலாமே சார்"னு கேட்டேன். "எழுதினா அதை வாசிக்கப் போறது எலும்பு டாக்டர். அவர் இதை வச்சு என்ன பண்ணுவார்?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இருந்தாலும் அந்த 11, லாரிக்காரர் உடம்புல எழுதப்படாமலே வீட்டுக்குப் போச்சுங்கறது எனக்கு ஒப்பல.

மார்ச் 5

மேல பிலிமை போட்டோ எடுத்துப் போட்டவர், பேரும் ஐ.டி. நம்பரும் தெரியுது. மறைச்சுட்டுப் போடுங்க சாமி.

மார்ச் 6, இரவு

"நம்ம தாத்தா காலத்துல இதெல்லாம் உண்டா? எல்லாம் பாமாயிலும் பிராய்லர் கோழியும் வந்த பிறகுதான்"னு ஒருத்தர் அடிச்சு எழுதியிருக்கார், அதுக்கு இருபது லைக்கும் விழுந்திருக்கு.

தாத்தாவுக்கு யாரும் சி.டி. எடுக்கல. ஆனா தாத்தாவுக்கு மூவாயிரம் வருஷம் முன்னாடி செத்தவங்களுக்கு எடுத்திருக்காங்க.

கெய்ரோ மியூசியத்துல மெர்னெப்தாங்கற ஃபாரோவோட மம்மி. கி.மு. 1203 வாக்குல இறந்தவர். பக்கத்துல இருந்த பலகையில அவருக்குத் தமனித் தடிப்பு நோய், அதாவது தமனிச் சுவர்ல கொழுப்பும் கால்சியமும் படியற இதே நோய், இருந்ததா எழுதியிருந்தது. 2008-ல அதைப் படிச்ச கிரகரி தாமஸ்ங்கற அமெரிக்க இதய மருத்துவருக்கு நம்பிக்கை வரல. கெய்ரோவுல இருக்கற ஆதெல் அல்லாமும் அவரும் மற்றவங்களும் சேர்ந்து மம்மிகளை சி.டி.க்குள்ள விட்டுப் பார்த்தாங்க. பலகையில இருந்தது சும்மா கதை இல்ல. 1909-லேயே லண்டன்ல ஷாட்டக்ங்கறவர் மெர்னெப்தாவோட பெருந்தமனித் துண்டு ஒண்ணை நுண்ணோக்கியில வச்சுப் பார்த்து எழுதியிருந்தார். 1911-ல ரஃபர்ங்கறவர் இன்னும் பல மம்மிகளோட தமனிகளை ஊறவச்சு இளக்கி அதேபோலக் கண்டார். சி.டி. வந்தப்புறம் மம்மியை வெட்டாமலே பார்க்க முடிஞ்சது.

எப்படிப் பார்க்கறாங்கங்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ரத்தம் கிடையாது, குழாய் படத்துல தெரியறதுக்கு ஏத்தற கான்ட்ராஸ்ட் மருந்தை ஏத்த முடியாது, சுவர் காஞ்சு சுருங்கிக் கிடக்கும், பல உறுப்புகளை அப்பவே எடுத்திருப்பாங்க. கால்சியம் மட்டும் அழியாம அப்படியே இருக்கும். தமனிச் சுவர் அடையாளம் தெரிஞ்சு, அதுல கால்சியமும் இருந்தா "உறுதி". சுவர் தெரியல, ஆனா தமனி போக வேண்டிய வழியிலேயே கால்சியம் இருந்தா "அநேகமா". இந்த ரெண்டு தட்டுலதான் பிரிச்சாங்க. "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு கத்த வேண்டியதில்ல, அசைஞ்சு படத்தைக் கெடுக்கவும் மாட்டாங்க. எனக்கு அப்படி ஒரு பேஷன்ட் வாய்க்கல.

2013-ல லான்செட் இதழ்ல வந்த கணக்கு: மொத்தம் 137 மம்மிகள், அதுல 47 பேருக்கு, அதாவது 34 சதவீதம் பேருக்கு, உறுதியாவோ அநேகமாவோ தமனித் தடிப்பு. பெருந்தமனியில 28 பேருக்கு. கரோனரியில 6 பேருக்குத்தான். அந்த 47 பேரும் பரோட்டா சாப்பிட்டிருக்க வாய்ப்பில்ல.

மார்ச் 6, நள்ளிரவு தாண்டி

"ராஜாக்கள், கறியும் நெய்யுமாத் தின்னிருப்பாங்க"ன்னு உடனே பதில் வந்திருக்கு. நல்ல கேள்விதான், மம்மி ஆய்வுக்காரங்களுக்கும் இதே சந்தேகம் வந்திருக்கு. அதனாலதான் 137-ல எகிப்து 76 மட்டும். பெருவுல இருந்து 51, அமெரிக்கத் தென்மேற்கு வறண்ட நிலத்துல வாழ்ந்த பூர்வகுடிகள் 5, அலாஸ்காவை ஒட்டின அலூஷியன் தீவு உனங்கன் மக்கள் 5. உனங்கன்கள் கடல்ல வேட்டையாடி வாழ்ந்தவங்க, விவசாயமே கிடையாது. அந்த 5 பேர்ல 3 பேருக்கு இருந்தது. பெருவுல 51-ல 13.

காரணம் என்னன்னு தீர்ப்பு எழுத முடியாது. தீராத தொற்று, அதனால எப்பவும் உடம்புல இருக்கற அழற்சி ஒண்ணு. மூடின வீட்டுக்குள்ள அடுப்புப் புகை, விளக்குப் புகை இன்னொண்ணு. இந்த ரெண்டையும் ஆய்வுக்காரங்களே சொல்றாங்க. விறகடுப்பு முன்னாடி நாப்பது வருஷம் உட்கார்ந்த நம்ம பாட்டிகளை நினைச்சா புகை விஷயம் லேசாத் தோணல.

அதுக்காக, வாழ்ற விதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு யாரும் கிளம்பிட வேண்டாம். பொலிவியாவுல அமேசான் பக்கம் சிமானேன்னு ஒரு மக்கள், வேட்டையும் மீனும் சின்ன விவசாயமும். 40 வயசு தாண்டின 705 பேருக்கு சி.டி. எடுத்து 2017-ல வெளியிட்டாங்க. 85 சதவீதம் பேருக்குக் கரோனரி கால்சியம் பூஜ்யம். பாமாயில் அண்ணன் இதைப் பிடிச்சுக்கலாம், இது அவர் கட்சிக்குச் சாதகம்.

மார்ச் 8

சி.டி. எடுத்தா "எல்லாம் தெரிஞ்சிடும்"னு இழையில மூணு பேர் சொல்லிட்டாங்க. நாள் பூரா அந்த மெஷின்கிட்ட இருக்கறவன் சொல்றேன், எல்லாம் தெரியாது. எப்படி எடுக்கறோம்ங்கறதைப் பொறுத்து வேற வேற விஷயம் தெரியும்.

சி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுக்குது. கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்டு பேருலயே அளவு. தண்ணி 0, காத்து மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 பக்கம். 1990-ல அகாட்ஸ்டன் குழு கரோனரிக்கு ஒரு கணக்குப் போட்டாங்க: 130-க்கு மேல போனா கால்சியம்னு வச்சுக்க, பரப்பை அளந்து, எவ்வளவு அடர்த்தியோ அதுக்கேத்த மாதிரி 1-லிருந்து 4 வரை பெருக்கு. ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல "கால்சியம் ஸ்கோர்"னு விக்கறது இதைத்தான். பெருந்தமனிக்கும் அதே 130 கோட்டை வச்சு எண்றவங்க உண்டு.

ஆனா இந்தக் கணக்கு மருந்து ஏத்தாத பிளெயின் சி.டி.க்குத்தான். கான்ட்ராஸ்ட் ஏத்தினா பெருந்தமனி ரத்தமே 300-ஐத் தாண்டும். கால்சியத்தையும் ரத்தத்தையும் பிரிக்க அந்த 130 உதவாது. எலும்புக்கும் நுரையீரலுக்கும் போடற கூர்மையான ஃபில்டர்ல பார்த்தா சின்னப் புள்ளியும் பெரிசா ஊதித் தெரியும். கே.வி., அதாவது எக்ஸ்-ரே குழாய்க்குக் கொடுக்கற மின்னழுத்தம், மாத்தினா எண்ணும் மாறும். அதனால ஒரு சென்டர்ல எடுத்த எண்ணை இன்னொரு சென்டர் எண்ணோட வச்சு "கூடிடுச்சு"ன்னு அலறாதீங்க, முதல்ல எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க.

இன்னொரு தொல்லை துடிப்பு. இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற ஏறு பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். ஈ.சி.ஜி.யோட ஒத்திசைச்சு எடுக்கலைன்னா சுவர் ரெண்டாத் தெரியும். ராத்திரி டூட்டியில இப்படி ஒரு படத்தைப் பார்த்து, சுவர் கிழிஞ்சிருக்குன்னு பதறின புது டியூட்டி டாக்டர்களைப் பார்த்திருக்கேன். கேட் போட்டு, அதாவது ஈ.சி.ஜி.யோட ஒத்திசைச்சு, திரும்ப எடுத்தா ஒத்தைச் சுவர்தான்.

மருந்து ஏத்தற சி.டி.ன்னா சிறுநீரகம் எப்படி இருக்குன்னு சொல்ற கிரியாட்டினின் டெஸ்ட் பார்க்காம ஏத்த மாட்டோம். "பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார், நானும் எடுக்கறேன்" ரகத்துக்கு அது வேண்டாம்.

மார்ச் 9, இரவு

இந்த இழையிலேயே முக்கியமானதுன்னு நான் நினைக்கறது இது. பக்கவாதம் பத்தி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: அம்மாவுக்கு ஸ்ட்ரோக், கழுத்துத் தமனி டாப்ளர் சுத்தம், இதயம் சுத்தம், எங்கிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போச்சுன்னு தெரியலைன்னு சொல்லிட்டாங்கன்னு.

இதயத்துல இருந்து மூளைக்குப் போகற வழியிலதான் பெருந்தமனி வளைவு இருக்கு. மூளைக்குப் போற குழாய்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புது. நெஞ்சுமேல வச்சு எடுக்கற சாதா எக்கோவுல வளைவு சரியாத் தெரியாது, நடுவுல நுரையீரல் காத்து. தொண்டை வழியா குழாயை விட்டு எடுக்கற எக்கோவுல உணவுக்குழாய்க்குப் பக்கத்துலயே பெருந்தமனி ஓடறதால சுவர் மில்லிமீட்டர் கணக்குல தெரியும். 1994-ல பாரிஸ்ல அமரென்கோ குழு, 60 வயசுக்கு மேல ஸ்ட்ரோக் வந்த 250 பேரையும் வராத 250 பேரையும் இப்படிப் பார்த்தாங்க. வளைவுல 4 மி.மீ. இல்லைன்னா அதுக்கு மேல தடிச்ச படிவு: ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல 14.4 சதவீதம், வராதவங்கள்ல 2 சதவீதம். அந்த 4 மி.மீ. கோடு இன்னிக்கும் நிக்குது.

அடுத்த விஷயம்தான் நம்ம எக்ஸ்-ரே ஆளுங்களுக்கு உறைக்கணும். அதே பிரெஞ்சு ஆய்வுக்காரங்க 1997-ல தடிச்ச படிவு இருக்கறவங்களைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தாங்க. கால்சியம் இல்லாத தடிச்ச படிவு இருந்தவங்களுக்குத்தான் பிற்பாடு ஸ்ட்ரோக், மாரடைப்பு ஆபத்து ரொம்பக் கூடுதல். மெத்துன்னு இருக்கற கொழுப்புதான் கிழியும், அது மேலதான் ரத்தம் உறையும். எக்ஸ்-ரேயில அது ஒரு துளிகூடத் தெரியாது, பிளெயின் சி.டி.யிலயும் அநேகமாத் தெரியாது.

அதாவது கேள்வி கேட்டவரோட அப்பாவுக்கு ரிப்போர்ட்ல வந்தது பழசாகி இறுகிப்போன பகுதி. அந்தக் கோடு நேரா ஆபத்து பண்ணப் போறதில்ல. ஆனா இறுகின பகுதி இருக்கற உடம்புல இறுகாத பகுதியும் எங்கயாவது இருக்கும்ங்கற தகவலுக்குத்தான் மதிப்பு.

மார்ச் 9, கொஞ்ச நேரம் கழிச்சு

தொண்டைக் குழாய் எக்கோ பயங்கரமா இருக்குமான்னா, சுகமா இருக்காது. தொண்டையை மரத்துப்போக வைப்பாங்க, லேசா மயக்க மருந்தும் உண்டு. குமட்டும். சும்மா "பார்த்து வச்சுக்கலாமே"ன்னு எடுக்கற டெஸ்ட் இல்ல.

மார்ச் 10

"மாத்திரை சாப்பிட்டா இந்தப் படிவு கரையுமா?" பி.எம்.ல வந்த கேள்வி, இங்கயே பதில்.

இதுக்கு விடை எம்.ஆர்.ஐ.யில இருந்து வந்தது. ஆஞ்சியோகிராம் சுவரைக் காட்டாது. வாய்க்கால்ல தண்ணி ஓடற அகலத்தை மட்டும் அளந்துட்டு கரை எவ்வளவு இத்துப்போச்சுன்னு சொல்றதுதான் அது. 1929-ல லிஸ்பன்ல ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ் முதுகு வழியா ஊசி போட்டுப் பெருந்தமனியை முதன்முதல்ல படம் எடுத்ததில இருந்து ரொம்ப காலம் நமக்கு அந்த அகலம்தான் தெரியும். ரத்தக்குழாய் வேற, படிவு வளர வளர தானும் வெளிப்பக்கமா விரிஞ்சு கொடுக்கும். சுவர் நாசமாகியிருந்தாலும் ரத்தம் ஓடற இடம் ரொம்ப நாள் குறையாது.

எம்.ஆர்.ஐ.யில ஓடற ரத்தத்தைக் கறுப்பாக்கிட்டு சுவரை மட்டும் ஒளிர வைக்கலாம். கதிர் கிடையாது, அதனால ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். நியூயார்க்ல மவுன்ட் சைனாய்ல 2001-ல வெளியிட்டாங்க: ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருந்த 18 பேருக்கு சிம்வாஸ்டேட்டின்ங்கற ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை கொடுத்து பெருந்தமனியையும் கழுத்துத் தமனியையும் எடுத்தாங்க. ஆறு மாசத்துல ஒரு மாற்றமும் இல்ல. ஒரு வருஷத்துல சுவரோட தடிமன் குறைஞ்சிருந்தது, ரத்தம் ஓடற இடம் அப்படியே இருந்தது. ஆஞ்சியோ மட்டும் எடுத்திருந்தா "மருந்து ஒண்ணும் பண்ணல"ன்னு எழுதியிருப்பாங்க. 18 பேர்ங்கறது சின்னக் கணக்குதான். ஆனா சுவரை நேராப் பார்த்த கணக்கு.

எதிர்ப்பக்கம் ஒண்ணு: ஸ்டேட்டின் சாப்பிடறவங்களுக்குக் கரோனரியில கால்சியம் கூடறதையும் பார்த்திருக்காங்க. கொழுப்பு வத்தி, இருக்கறது இறுகுது. அதனால மாத்திரை சாப்பிட்டும் ஸ்கோர் ஏறிடுச்சேன்னு மாத்திரையைத் தூக்கிப் போட்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும். போடாதீங்க.

மார்ச் 11

பெட் ஸ்கேன் பத்திச் சுருக்கமா. கேன்சருக்குப் போடற அதே சர்க்கரை ஊசிதான். அழற்சி இருக்கற இடத்துல கூடியிருக்கற மேக்ரோஃபேஜ் செல்கள் சர்க்கரையை அதிகம் இழுக்கும், அதனால தமனிச் சுவர் அங்கங்க ஒளிரும். கேன்சருக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல எடுப்பாங்க. சுவரைப் பார்க்கணும்னா ரெண்டு மணி நேரம் காத்திருந்தா ரத்தத்துல இருக்கறது வடிஞ்சு தெளிவா வரும். ஒளிர்ற இடமும் கால்சியம் இருக்கற இடமும் ஒண்ணா அமையறது குறைவு. மார்ச் 9 குறிப்புல சொன்னதோட இது பொருந்துது.

ஒரு எச்சரிக்கை. இளவயசுப் பொண்ணு, பெருந்தமனிச் சுவர் சுத்திலும் சீராத் தடிச்சிருக்குன்னா அது கொழுப்பு இல்ல. தகயாசு மாதிரி தமனி அழற்சியா இருக்கலாம், மருத்துவமே வேற.

மார்ச் 13, இரவு

யாரும் கேட்கல, நானே சொல்றேன். பெருந்தமனி கால்சியத்தை நிஜமாவே கவனிச்சுப் பார்க்கற டாக்டர்னா அது இதய அறுவை மருத்துவர்தான். பைபாஸ் பண்ணும்போது ஏறு பெருந்தமனியில கிளாம்ப், அதாவது இறுக்கிப் பிடிக்கற கவ்வி, போடணும். அந்த இடம் சுத்திலும் சுண்ணாம்பாகி இருந்தா, பீங்கான் பெருந்தமனின்னே சொல்வாங்க, கிளாம்ப் அழுத்தின உடனே துண்டு உடைஞ்சு மூளைக்குப் போகும். அதனால வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி பிளெயின் சி.டி. கேட்பாங்க.

ஒரு சர்ஜன் எங்க கன்சோல் ரூமுக்கே வந்து நின்னு பார்ப்பார். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பொறுமை கிடையாது. "மேல போ, இன்னும் மேல, நிறுத்து"ன்னு என் தோளுக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு துண்டா எண்ணுவார். எங்க கிளாம்ப் போடலாம், எங்க கூடாதுன்னு பேப்பர்ல வளைவு வரைஞ்சு குறிச்சுக்குவார். எலும்பு டாக்டருக்குப் போற 11-க்கு ஒரு வரி. இங்க ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சண்டை. ரெண்டும் ஒரே பெருந்தமனிதான்.

மார்ச் 15

முதல் நாள் "அபூர்வம் இல்ல"ன்னு எழுதினேன். அதைப் படிச்சுட்டு "அப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம்"னு ரெண்டு பேர் முடிவு பண்ணியிருக்காங்க. நான் சொன்னது பீதி வேண்டாம்ங்கறதுக்கு. எல்லாருக்கும் இருக்கறதால சரின்னு ஆகாது.

எத்தனை பேருக்கு இருக்குங்கறதுக்கு மாட்ரிட்ல ஒரு ஆய்வு. சான்டாண்டர் வங்கி ஊழியர்கள் 4184 பேர், வயசு 40-லிருந்து 54, எந்த அறிகுறியும் கிடையாது, தினமும் வேலைக்குப் போறவங்க. கழுத்து, வயித்துப் பெருந்தமனி, தொடைத் தமனி மூணையும் அல்ட்ராசவுண்ட்ல, கரோனரி கால்சியத்தை சி.டி.யில. 63 சதவீதம் பேருக்கு எங்கயாவது ஒரு இடத்துல படிவு. தொடைப் பக்கம் 44, கழுத்து 31, பெருந்தமனி 25, கரோனரி கால்சியம் 18 சதவீதம். கரோனரி மட்டும் பார்த்து "பூஜ்யம்"னு சந்தோஷமாப் போனவங்கள்ல பலருக்கு வேற இடத்துல ஆரம்பிச்சாச்சு.

இன்னும் கீழ போனா: அமெரிக்காவுல விபத்து மாதிரி காரணங்கள்ல இறந்த 15-லிருந்து 34 வயசுக்காரங்களை ஆராய்ஞ்சாங்க. 15–19 வயசுப் பிரிவுலயே எல்லார் பெருந்தமனியிலயும் கொழுப்புக் கீற்று இருந்தது. எல்லார்லயும். அதெல்லாம் பின்னாடி நோயாகும்னு இல்ல, நிறைய மறையவும் செய்யும். ஆனா வயித்துப் பகுதியில, சிகரெட் பிடிச்ச பையன்களுக்கு வேகமா முத்தியிருந்தது. வயித்துப் பெருந்தமனிக்கும் புகைக்கும் அப்படி ஒரு பகை.

மார்ச் 16, காலை

இதனால கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு. சி.டி. வேண்டாம்னேன், இப்பவும் அதேதான். ஆனா 65 தாண்டின, பீடி பிடிச்சிருந்த ஆண்னா வயித்துக்கு ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பெருந்தமனி அகலத்தைப் பார்க்கறது பல நாட்டுல வழக்கம். இங்கிலாந்துல 65 வயசாகற எல்லா ஆண்களையும் கூப்பிடறாங்க. சாதாரணமா 2 செ.மீ. பக்கம் இருக்கும். 3 செ.மீ. ஆனா வீக்கம்னு பேர், அதுக்கப்புறம் அடிக்கடி பார்க்கணும். 5.5 தொட்டா ஆபரேஷன் பேச்சு. சுவர் இத்துப்போன இடம் வீங்கி ஒருநாள் வெடிக்கறதுக்கு முன்னாடி எந்த வலியும் காட்டாமலே இருக்கலாம். டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்கேனுக்கு வெறும் வயித்தோட போகச் சொல்லுங்க, குடல்ல காத்து இருந்தா ஒண்ணும் தெரியாது. காலையில டீ குடிச்சுட்டு வந்து "டீ மட்டும்தான் தம்பி"ன்னு சொல்றவங்க தினமும் வர்றாங்க.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் தகவல் சொல்லியிருக்கார்: வயித்து ஸ்கேன்ல பெருந்தமனி 2.2 செ.மீ., வீக்கம் இல்ல, சுவர்ல அங்கங்க படிவு. டாக்டர் கொழுப்பு டெஸ்ட் பார்த்து மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். சந்தோஷம்.

"ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்-ரே திரும்ப எடுத்து கோடு குறைஞ்சிருக்கான்னு பார்க்கலாமா?" வேண்டாம். குறையாது, குறையலைங்கறதுக்கு அர்த்தமும் இல்ல. எல்.டி.எல்.ங்கற கெட்ட கொழுப்பு அளவும் பி.பி.யும்தான் அடுத்த ரிப்போர்ட். எக்ஸ்-ரே பிலிமை மட்டும் பத்திரமா வைங்க. எப்பவாவது திடீர்னு கிழிக்கற மாதிரி நெஞ்சுவலின்னா நேரா எமர்ஜென்சி, அங்க எடுக்கற புதுப் படத்துக்குப் பக்கத்துல பழசை வச்சுப் பார்ப்பாங்க: வெள்ளைக் கோடு நிழலோட வெளி ஓரத்துல இருந்து ஒரு செ.மீ.க்கு மேல உள்ள தள்ளிப் போயிருந்தா சுவர் கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகப்பட்டு சி.டி.க்கு அனுப்புவாங்க.

புதுக் கேள்வி இருந்தா தனி இழை போடுங்க. இதுல மம்மியும் பாமாயிலும் கலந்து கிடக்கு, பின்னாடி தேடறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.